ஒளிராத வலை

பச்சையம்மாவின் நைலான் வலை கழிமுகத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இழுத்தால் கையோடு பிய்ந்து வந்தது. ஆலைத் தண்ணீர்தான் தின்றுவிட்டது என்று முகத்துவாரக்குப்பமே ஆலை வாசலில் உட்கார்ந்தது. கடைசியில் ஆலைக்காரர்கள் சோதனைக்குச் சம்மதித்தார்கள். வலையை ஒளிரும் மருந்தில் ஊறவைத்து ஊதா விளக்கில் காட்டுவார்களாம். அமிலம் அரித்த நூல் மருந்தை அதிகமாகக் குடித்துப் பச்சையாக மின்னுமாம். மின்னினால் குப்பத்துக்குப் புது வலை, கழிவுக் குழாய்க்கும் மூடி.

ஆலையின் சோதனைக்கூடத்தில் எடுபிடியாக இருந்த அவள் தம்பி எத்திராஜ் சோதனைக்கு முதல் நாள் வந்தான்.

"யக்கா, வலை கலீஜா கீது. பழைய நூல்வலைக்குப் போடுவியே, அந்தச் சாயத்துல முக்கி எட்த்துகினு வா."

"நைலானுக்கு இன்னாத்துக்குடா சாயம்?"

"மருந்து நல்லா புடிக்கும்க்கா. உள்ளயே வேலை செய்றேன், எனக்குத் தெரியாதா?"

புளியங்கொட்டைத் தோலை வேகவைத்துச் சாயம் இறக்கி, வலையை ஒரு மூலை விடாமல் முக்கினாள். தம்பி சொல்லிவிட்டானே.

மறுநாள் ஜன்னல் அடைத்த அறையில் ஊதா விளக்கு எரிந்தது. சோதனைக்கூட ஆபீசர் ராமதாஸின் வெள்ளைச் சட்டை நீலமாக ஜொலித்தது. மருந்தில் ஊறி வந்த வலையோ சேறு மாதிரிக் கிடந்தது.

"யாரும்மா இதுக்குச் சாயம் போட்டது? இந்தப் பழுப்பு வெளிச்சத்தையே அமுக்கிடும். அப்படியே கொண்டு வரணும்னு எத்திராஜ்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பச்சையம்மா தம்பியைப் பார்த்தாள். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று காத்திருந்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"கழுவினா போவுமா சார்?"

"போகாதும்மா. கண்ணுக்குத் தெரியறதைத்தான் நான் எழுத முடியும்."

வெளியே வந்ததும் எத்திராஜ் பின்னாலேயே ஓடி வந்தான். "வலை மின்னலைன்னா வேலையை நிரந்தரம் பண்றேன்னு மேனேஜர் சொன்னாருக்கா. ரெண்டு புள்ளைங்களை வச்சிகினு நான் இன்னா பண்றது?"

"கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேன்டா. என் கையாலயே முக்க வச்சியே."

வலை மூட்டை ஈரத்தில் கனத்தது. தூக்கிவிட அவன் குனிந்தான். அவள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கேட்டிலிருந்த காவல்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் தூக்கி வுடுங்க. கூட வந்தவங்க யாரும் இல்லை."