அப்ரூவல் ஆன தும்மல்

திருப்பூர் லோக்கல் சேனலில் வாராவாரம் சிரிப்பு நிகழ்ச்சி நடத்திய மோகன்ராஜுக்குத் தும்மல்தான் பிழைப்பாகிப் போனது. அவனாக விரும்பித் தேடிக்கொண்டதல்ல.

நிகழ்ச்சிக்குப் பணம் போட்டவர் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் லிங்கசாமி. சாம்பிளைப் பார்த்து அப்ரூவல் கொடுக்காமல் ஒரு ஜட்டியைக்கூடத் தைக்க விடாத மனுஷன். டிவிக்கும் அதே சட்டம்தான். கம்பெனியிலேயே முதல் எபிசோடை எடுத்தார்கள். மோகன்ராஜ் வணக்கம் வைத்து, ராத்திரியெல்லாம் யோசித்த ஜோக்கை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தான். ஃபேனிலிருந்து பஞ்சுத்தூசி மூக்கில் இறங்கியது. ஒரே தும்மல். லிங்கசாமி விழுந்து விழுந்து சிரித்து, அப்ரூவல் என்றார்.

“தும்மலை வெட்டிப்போட்டு வேற எடுக்கறனுங்க மொதலாளி.”

“அப்ரூவல் ஆன பீஸ்ல கை வெக்கக் கூடாது தம்பி. பல்க் ஆர்டர் மொத்தமும் இதே மாதிரி வரோணும்.”

அப்புறம் எந்த ஜோக்கும் தும்மலில்தான் முடிந்தது. செக்கிங் பார்க்கும் அன்புசெல்வி முதல் எபிசோடைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவாள். தும்மல் சன்னமாக இருந்தால், துணியில் ஓட்டையைக் காட்ட ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை அவன் மூக்கில் ஒட்டி, மறுபடியும் எடுக்கச் சொல்வாள். மோகன்ராஜ் மூக்குப்பொடி வாங்கி வைத்துக்கொண்டான். ஊரே சிரித்தது. கல்யாணத்துக்கு மட்டும் ஒருத்தரும் அழைக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் தும்மித் தொலைத்தால் யார் பொறுப்பு?

ஜனங்கள் தன் மூக்குக்குத்தான் சிரிக்கிறார்கள், பேச்சுக்கு இல்லை என்பது அவனை உள்ளுக்குள் அரித்தது. ஒரே ஒரு தடவை தும்மாமல் சிரிக்க வைத்துவிட வேண்டும். கெஞ்சிப் பார்த்தான். லிங்கசாமி சாம்பிளான முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினார்.

பொடி போட்டுப் போட்டுக் கடைசியில் மூக்கு மரத்துப் போனது. மிளகாய்த்தூளுக்கும் அசையவில்லை. லிங்கசாமி பதறவே இல்லை. ஒரு யூனிட்டில் மிஷின் நின்றால் வேலையை இன்னொரு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டால் போயிற்று. பரணி என்று ஒருத்தனைக் கூட்டி வந்தார். அதே சட்டை, அதே வணக்கம், தும்மல் இம்மி பிசகவில்லை. கீழே ‘மோகன்ராஜ்’ என்று பேர் ஓடியது.

“அது எம்பேருங்களே மொதலாளி.”

“பேருங்கறது லேபிள் தம்பி. அதும் சாம்பிள்ல இருந்ததுதான?”

கழித்துவிட்ட பனியன்கள் போகிற காதர்பேட்டைக்கே மோகன்ராஜும் போனான். செகண்ட்ஸ் கடை வாசலில் மைக் பிடித்து விற்கிற வேலை. அங்கே அப்ரூவல் கேட்க ஆளில்லை. வாய்க்கு வந்ததைப் பேசினான். தமிழ் தெரியாத பீகார் வியாபாரிகூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். தும்மலே இல்லை. மோகன்ராஜ் சந்தோஷத்தில் இன்னொரு ஜோக்கையும் அவிழ்த்துவிட்டான்.

பனியன் எடுக்க வந்த ஊத்துக்குளி அம்மா ஒருத்தர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“டிவியில வர்ற மோகன்ராஜாட்டவே பேசறயே கண்ணு. அந்தத் தும்மலை மட்டும் பழகிக்கிட்டீன்னா நீயும் பெரிய ஆளாயிருவ.”

“பழகிக்கறனுங்கம்மா” என்று சொல்லி, ஓட்டை தெரியாதபடி பனியனை மடித்துக் கொடுத்தான்.