கம்பு எட்டாத ஆழம்

1

இது என் அண்ணியின் கதை. அவர் ஒரு நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் தட்டைத் தள்ளிவிட்டு அழுதார். அப்போதே எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். (எழுதுகிறவனை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் அழக்கூடாது.)

முதல் வரி இப்படி வந்தது: "மாலை வெயில் குளத்தின்மேல் வெள்ளித் தகடாய் விரிந்து..."

படித்துக் காட்டினேன். அண்ணி முகத்தைச் சுளித்தார்.

"வெள்ளித் தகடாவது ஒண்ணாவது! கண்ணு கூசிச்சு, உள்ள ஒண்ணும் தெரியலன்னு எழுதுங்க தம்பி."

2

சரி. கண் கூசியது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். பொழுது சாய்ந்தால் தண்ணீர் வெயிலை அப்படியே திருப்பி, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். சிவப்பு நீச்சலுடையில் கரையைப் பிடித்துக் கால் உதைத்துக்கொண்டிருந்த சிறுமியைக் காணோம். உடை மாற்றப் போயிருப்பாள் என்று அண்ணி நினைத்தார். மனசு ஒப்பவில்லை. நாற்காலியை விட்டிறங்கிப் பக்கவாட்டில் நடந்தார். கூசல் விலகியது. அடியில் சிவப்பாக ஏதோ கிடந்தது.

[இங்கே "காலம் உறைந்து" என்று எழுதி அடித்துவிட்டேன். காலம் உறையவில்லை, அண்ணி விசில் ஊதினார்.]

கொக்கிக் கம்பை எடுத்து நீட்டினார். அது தண்ணீரைத் தொட்ட இடத்தில் ஒடிந்ததுபோல் தெரிந்தது. கொக்கி சிறுமிக்கு மேலே வெறும் நீரைத் துழாவியது. தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது ஒளி வளைகிறது. கண்ணோ அது நேராகவே வந்ததென்று நம்பிவிடுகிறது. அதனால் அடி மேலெழும்பித் தெரியும். அண்ணிக்கு இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். பதற்றத்தில் கை அதை மறந்துவிட்டது.

கம்பை வீசிவிட்டுக் குதித்தார். உள்ளே எல்லாம் மங்கல்தான். ஆனால் இப்போது சிறுமி தெரிந்த இடத்திலேயே இருந்தாள்.

3

நான் முதலில் எழுதிய முடிவில் அந்தச் சிறுமி

(இந்த வாக்கியத்தை முடிக்க அண்ணி விடவில்லை.)

"கதைக்கு ஒரு கனம் வேணும் அண்ணி."

"கனமா? அந்தப் புள்ளையத் தூக்கிக் கரை சேர்த்தேனே, அது பத்தாதா?"

பத்தும். நடந்ததையே எழுதுகிறேன். கரையில் கிடத்தி வாயில் ஊதினார். இருமல் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. பிறகு குளமே அதிரும்படி ஓர் அழுகை. அதைவிட இனிமையான சத்தத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்கிறார் அண்ணி. மருத்துவமனையில் ஒருநாள் வைத்துப் பார்த்து, ஆபத்தில்லை என்று அனுப்பிவிட்டார்கள். காவல் நாற்காலி இப்போது அந்தக் கண்ணாடிச் சுவரோரம், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறது.

நேற்று தாயும் மகளும் வந்திருந்தார்கள்.

"இவ இறங்கட்டுமா, வேணாமாக்கா? நீங்களே சொல்லுங்க" என்றாள் தாய்.

அண்ணி ஆழமில்லாத பக்கம் இறங்கி, இடுப்பளவு நீரில் நின்று கையை நீட்டினார். சிறுமி அம்மாவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

இறங்கினாளா? எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை. உங்கள் மனம்போல் முடித்துக்கொள்ளுங்கள். கரையிலேயே உட்கார்ந்து கால் நனைக்கட்டும், வீட்டுக்கே ஓடட்டும், நீந்தியே காட்டட்டும். அவள் மூச்சுவிடுகிறாள் என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.