சண்டைக்குச் சண்டை குட்டையானவள்

லாரி டிரைவரின் மகள் ஐந்து வயதில், அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை உயரம் குறைந்தாள். முதலில் செருப்பு பெரிதானது, பிறகு கவுன் தரையைக் கூட்டியது, பிறகு போன வருஷம் எட்டிய சுவிட்ச் எட்டாமல் போனது. அப்பன் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போன நாட்களில் மளமளவென்று வளர்ந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மாக்காரிக்கு அது போதும், உடனே போனைப் போட்டு, "நீ இல்லேன்னாதான் பிள்ளை வளருது" என்று குத்திக்காட்டுவாள். அவன் அங்கிருந்தே கத்துவான். போனை வைப்பதற்குள் வளர்ந்ததெல்லாம் போய்விடும். கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லத் தெருவில் ஒருவருக்கும் துப்பில்லை. இன்றைக்கு எவ்வளவு குறைந்தாள் என்று விசாரிக்க மட்டும் வந்தார்கள்.

குழந்தை மருத்துவர் தைராய்டு பார்த்தார், மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தார். வளர்ச்சி ஹார்மோன் அடிமட்டத்தில் கிடந்தது, ஆனால் அதைச் சுரக்கும் சுரப்பியில் ஒரு குறையும் இல்லை. பயந்துகொண்டே தூங்கும் பிள்ளைக்கு அது ஒழுங்காகச் சுரக்காது, வீட்டில் சத்தம் அதிகமா என்று கேட்டார். "இவளைக் கேளுங்க டாக்டர். வாயா அது" என்றான் டிரைவர். "நீ தட்டை விட்டெறிஞ்சதையும் சொல்லேன்" என்றாள் பெண்டாட்டி. மருத்துவரின் கண்ணெதிரே பிள்ளையின் தலை மேசைக்குக் கீழே போய்விட்டது. இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையை வார்டில் சேர்த்தார்.

வார்டில் அவள் தூங்கித் தூங்கி வளர்ந்தாள். ஒரே வாரத்தில் குழந்தைக் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டது. அழைத்துப்போக வந்த பெற்றோர் வராந்தாவிலேயே, இந்த உயரம் யார் வீட்டு உயரம் என்று ஆரம்பித்தார்கள். வெட்கம் கெட்ட ஜென்மங்கள். பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் வரல. சித்தி வீட்டுக்குப் போறேன்" என்றாள். சித்தி என்பது அம்மாவின் தங்கை, அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள், தனியாக இருந்தாள், அதிகம் பேசமாட்டாள். "கூட்டிட்டுப் போ, எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்" என்று, சத்தம் கேட்டு வந்து நின்ற சித்தியிடம் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

சித்தி வீட்டில் வருஷங்கள் சத்தமில்லாமல் போயின. இப்போது அந்தப் பிள்ளை வாசலில் குனிந்துதான் நுழைகிறாள், ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளை எடை போடுகிறாள். என்ன இருந்தாலும் பெற்றவர்கள், பார்க்காமலிருக்க மனசு கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு போகிறாள். அவர்களுக்குத் தலை நரைத்ததே தவிரத் தொண்டை ஓயவில்லை, அவள் உட்காருவதற்குள் தொடங்கிவிடுகிறார்கள். சாயங்காலம் தொளதொளத்த உடுப்பைச் சுருட்டிப் பிடித்தபடி பஸ் ஏறுகிறாள். காலையில் முழு டிக்கெட் கொடுத்த கண்டக்டர் இப்போது அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "தூங்கும்மா, ஸ்டாப் வந்ததும் எழுப்பறேன்" என்கிறார். எதிர் சீட்டில் யாரையும் உட்கார விடுவதில்லை. இறங்குவதற்குள் அவளுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும்.