என் பெயரில் ஓடும் கார்

என் தம்பி முகித் தன் காரை விற்றுவிட்டதாகச் சொன்ன அன்று நான் அழுதேன். எனக்காக விற்றுவிட்டானே என்று அழுதேன். அந்த அழுகையை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

எனக்குக் கென்தாவ் ஊரில், பாலிகிளினிக் என்கிற அரசு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. பிறந்ததிலிருந்தே இடுப்பு சரியில்லை, விந்தி விந்தித்தான் நடப்பேன். அரசாங்க உதவித்தொகையும் சம்பளமும் சேர்ந்தால் குளிருக்கு எரிக்கிற நிலக்கரிக்கும் மாவுக்கும் சரியாகப் போகும். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, பிள்ளை கிடையாது. இப்படிப்பட்டவள் பெயரில் கடன் அட்டை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முகித்தின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. முகித் பெயரைக் கேட்டாலே பாங்குகள் கதவைச் சாத்தின.

"அக்கா, உன் பேர்ல ஒரு கறை கிடையாது. விருந்துச் செலவுக்கு மட்டும் உன் அட்டையத் தேய்ச்சுக்குவோம். மொய்க் கவர் வந்ததும் மொத்தமா கட்டிடுறேன்" என்றான்.

விருந்துக்கு என்றுதான் ஆரம்பித்தது. பிறகு சம்பந்திகளுக்குக் கோட்டு, சம்பந்தியம்மாவுக்குக் காதில் போட, பாட்டுக்காரனுக்கு, புகைப்படக்காரனுக்கு என்று அட்டை காய்கிற வரை தேய்த்தான். மொய்க் கவர்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் அதைக் கேட்பது அசிங்கம் என்று நினைத்தேன். சில மாதம் கட்டினான், பிறகு நிறுத்திவிட்டான்.

அவனுடைய வெள்ளைக் கார்கூட என் பெயரில்தான் இருந்தது. ஊனமுற்றவர் பெயரில் இருந்தால் வரி கிடையாது. எங்கள் பக்கம் பாதிக் குடும்பங்களில் நொண்டியோ குருடோ ஒருவர் காருக்குச் சொந்தக்காரராக இருப்பார், அதில் ஏறித்தான் இருக்க மாட்டார். விற்கவும் வாங்கவும் அவனுக்கே அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதனால் விற்றேன் என்று அவன் சொன்னபோது நம்பினேன். வந்த பணத்தில் முக்கால்வாசியை அவனுடைய பழைய கடன்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம், மிச்சம் என் வட்டிக்கே போதவில்லையாம். அதன் பிறகு அவன் குடியிருக்கும் துருக்கிஸ்தான் ஊரிலிருந்து மினிபஸ்ஸில்தான் என்னைப் பார்க்க வருவான். பூட்ஸ் எல்லாம் சேறு, முகமெல்லாம் களைப்பு. பாவம் என்று ரொட்டியும் கறியும் வைப்பேன், போகும்போது பஸ்ஸுக்குப் பணமும் கொடுப்பேன். சிரிக்காதீர்கள்.

பாங்குக்காரர்கள் பாலிகிளினிக் போனிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள். பதிவு மேசையில் இருக்கும் லூதாதான் எடுப்பாள். ருஷ்யக்காரி, வாய் நீளம், மனசு நல்லது.

"ரபிகா, உன் காதலன் லைன்ல இருக்கான். வட்டி எப்படி இருக்குன்னு விசாரிக்கிறான்."

"நான் செத்துட்டேன்னு சொல்லு."

"போன வாரமே சொல்லிட்டேன். அனுதாபம் தெரிவிச்சுட்டு மறுபடி கூப்பிடுறான்."

பாங்குக்கு நேரில் போய்க் கெஞ்சினேன். தவணையைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள், குறைத்த தவணையே என் சம்பளம் அளவுக்கு இருந்தது. செல்போனில் உடனடிக் கடன் கொடுக்கிறார்களே, அதை வாங்கி இதைக் கட்டலாமா என்று லூதாவிடம் கேட்டேன்.

"அவங்ககிட்ட போனா உன்னோட இன்னொரு காலும் போயிடும். பேசாம திவாலாயிடு."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன், திவாலாக?"

"இப்பல்லாம் தனி ஆளுக்கும் உண்டு. ஒரு வருஷம் எதுவும் கட்டாம இருந்திருக்கணும், பேர்ல சொத்து எதுவும் இருக்கக் கூடாது. கடனை அழிச்சு விட்டுடுவாங்க. ஆனா உன் பேர் எல்லாரும் பாக்குற மாதிரி பட்டியல்ல வரும். அஞ்சு வருஷத்துக்கு எவனும் உனக்குக் கடன் தரமாட்டான்."

"இதைவிட நல்ல சேதி உண்டா?" என்றேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சொத்து இல்லை என்பதில்தான் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லையே.

வருஷம் முடிந்ததும் அரசுச் சேவை மையத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பையன் கணினியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கணினியைப் பார்த்தான்.

"அம்மா, இது சொத்தே இல்லாதவங்களுக்கான வழி. உங்க பேர்ல கார் இருக்கே."

"அது வித்தாச்சுப்பா."

"விக்கலையே. போன மாசம்கூட வேகமாப் போனதுக்கு அபராதம் கட்டியிருக்கீங்க."

நானாவது, வேகமாவது. அவன் நல்ல பையன், குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கார் இருந்தா கோர்ட் வழியாத்தாம்மா போகணும். காரை ஏலம் விட்டது போக மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணுவாங்க. ஆனா காரை நீங்க ஒப்படைக்கணும். எங்கன்னு காட்டலைன்னா, மறைச்சீங்கன்னு உங்க மேலதான் எழுதுவாங்க."

ஆக, நான் கடன்காரி மட்டுமில்லை, திருடியாகவும் ஆக இருந்தேன்.

அந்த ஞாயிறு மினிபஸ் ஏறினேன். கல்யாணத்துக்குப் பிறகு முகித் வீட்டுக்கு நான் போனதே இல்லை. "வீட்ல மராமத்து நடக்குது, உனக்கு இடுப்பு வலி வேற, நானே வரேன்" என்று தடுத்துக்கொண்டேயிருந்தான். அன்போடு சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் வீடுதான். பண்டிகைக்கு யாராவது வா என்று கூப்பிட்டால், செத்தால் நாலு பேர் வந்து அழுதால், அது அந்த வாசலிலிருந்துதான் நடக்க வேண்டும். காரைக் கேட்டால் அந்த வாசல் மூடிக்கொள்ளும் என்பது வழி முழுக்கத் தெரிந்தே இருந்தது. கேட்காவிட்டால் சாகும்வரை அவன் விருந்துக்கு நான் வட்டி கட்ட வேண்டும்.

வாசலில் அதே வெள்ளைக் கார் நின்றது. கழுவித் துடைத்து, பளபளவென்று.

முகித் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவி அய்னாஷ் கதவைத் திறந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. தரை மெத்தையில் உட்காரச் சொல்லி டீ ஊற்றினாள், கிண்ணத்தின் விளிம்பு வரை தளும்பத் தளும்ப. விருந்தாளிக்குக் கால் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை. தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்போம், இன்னும் இரு என்று அர்த்தம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். என் தம்பி வீட்டில், என் கையில், நிறைந்த கிண்ணம்.

"அய்னாஷ், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீங்க எதுவும் பண்ணலை அண்ணி. நாங்கதான் பாவம் பண்ணவங்க. ரெண்டு குளிர்காலமா இந்த வீட்ல இறைச்சி வாங்கி வைக்கலை. மாசா மாசம் என் சம்பளத்துல பாதி உங்க கடனுக்குப் போகுது."

"என் கடனா?"

"அக்கா ஏதோ தெரியாம அட்டையில வாங்கிச் செலவு பண்ணிட்டா, விதவை, நாமதான் கைகொடுக்கணும்னு அவர்தான் சொன்னார். கொடுத்தோம். நன்றி கேக்கலை. ஒரு போன் பண்ணி விசாரிச்சிருக்கலாம்ல?"

பணம் போனது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த வீட்டில், என் தம்பி பிள்ளைகள் வெறும் நூடுல்ஸ் சாப்பிடும்போதெல்லாம் என் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. அத்தைதான் காரணம் என்று நம்பிப் படுத்திருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண விருந்து, கோட்டுகள், விற்காத கார், பஸ் பணம், சேவை மையத்து ஜன்னலில் பையன் சொன்னது. முடித்ததும் அவள் என் கிண்ணத்தை எடுத்து ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு, புதிதாகக் கால் கிண்ணம் ஊற்றி, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"பணம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். விடிய விடிய போன்ல கால்பந்து பாக்குறவர் சும்மா பாக்கமாட்டார். பந்தயம் கட்டியிருக்கார்." டீக் கெண்டியைக் கீழே வைத்தாள். "என் பேர்லயும் ஒரு அட்டை இருக்கு அண்ணி. உங்க கடனை அடைக்கத்தான்னு சொல்லி வாங்க வச்சார். அந்த ஆபீஸ்ல எந்த ஜன்னல்ல கேக்கணும்?"

அப்போதுதான் முகித் உள்ளே வந்தான். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் கார் சாவி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"அட, அக்கா. நண்பனோட காரை இரவல் வாங்கிட்டு வந்தேன், இப்பத்தான்..."

"சாவியக் கொடு தம்பி. கார் என் பேர்ல இருக்கு."

அவன் அய்னாஷைப் பார்த்தான். அங்கே எதுவும் கிடைக்காமல் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் அப்பா பெல்ட்டை எடுக்கும்போது என்னைப் பார்ப்பானே, அதே பார்வை. அது பலிக்கவில்லை என்றதும் முகம் மாறியது.

"நான் இதை டாக்சியா ஓட்டலைன்னா பிள்ளைங்க என்ன திங்கும்? உனக்கு யார் இருக்கா? உன் பேர் சுத்தமா இருந்து யாருக்கு ஆகப்போகுது?"

"எனக்கு ஆகும்."

"இதை வாங்கிட்டுப் போனா இந்த வீட்டை மறந்துடணும். உனக்குப் பிறந்த வீடு வேணாமா?"

வேண்டும். அந்த நிமிஷம்கூட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனாலும் கையை நீட்டினேன்.

அவன் கையில் தரவில்லை. சாவியை என் காலடியில் தரையில் போட்டுவிட்டு நின்றான். என் இடுப்புக்குக் குனிய வராது என்பது உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். அய்னாஷ் குனிந்து எடுத்து என் கையில் வைத்தாள்.