நாலே நாலு பெண் பிள்ளைகள்

"பிரியா, தங்கச்சியப் பின்னறைக்குக் கூட்டிக்கிட்டுப் போ. மாப்பிள்ளை வீட்டுக்காரக நாச்சியாபுரம் தாண்டிட்டாகளாம்" என்றார் அப்பா சேவுகப்பெருமாள், அந்த அறைப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே.

சத்தியப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வயது ரோகிணிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே காரைக்குடியில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. காலையில் வேன் வரும், அங்கே பேச்சுப் பயிற்சி தருவார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். முந்தாநாள்தான் அந்தப் பள்ளிக்கூடத்து ஜெரினா டீச்சர் சேர்க்கைப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். "இருபத்தேழு பிள்ளைக படிக்குதுக அண்ணே. அதுல பொண்ணு நாலே நாலு. நம்ம பக்கம் பொண்ணுகளுக்கு இந்தக் குறையே வராது போலருக்கு!"

"மூத்தவளுக்கு ஒரு வழி பண்ணிட்டுச் சேக்குறோம்" என்று அப்பா மழுப்பினார். நல்ல கூத்து! அக்காவுக்கு வழி பிறந்தால்தான் தங்கைக்குப் பேச்சு பிறக்குமாம்.

மாப்பிள்ளையின் அம்மா நாகவல்லி கலகலப்பான மனுஷி. கூடவே, கைகளை உதறிக்கொண்டே வந்த பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இவன் எங்க சின்னவன், முத்தப்பன். பேச்சு வரல, காரைக்குடியில அதுக்குன்னு இருக்குற பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான். வேன் வாசலுக்கே வந்துரும். ஆம்பளப் பிள்ளைதானே, மறைக்க என்ன இருக்கு?"

பிரியா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவிடம் கை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கப்பா."

அத்தனை பேர் முன்னால் அவர் என்ன செய்வார், கொடுத்தார். பிரியா பின்னறையைத் திறந்து தங்கையைக் கைபிடித்து அழைத்து வந்தாள். "என் தங்கச்சி ரோகிணி. இவளுக்கும் இன்னும் பேச்சு வரல."

நாகவல்லியின் சிரிப்பு பாதியில் நின்றது. "பொண்ணுக்கா? நாளைக்கு உன் வயித்துல பொறக்குறதுக்கும் வந்துட்டா?"

"உங்க பக்கத்துலருந்து வந்தா மட்டும் பரவாயில்லையா அத்தே?"

மாப்பிள்ளை குனிந்து சிரிப்பை அடக்கினான். ரோகிணியோ எதையும் சட்டை செய்யாமல் முத்தப்பன் கையிலிருந்த முறுக்கைப் பிடுங்கித் தின்றாள்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான்.

சேவுகப்பெருமாளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவுக மகன் வாசல்ல வேன் ஏறுவான், என் மக உள்ள கிடக்கணுமோ? கொண்டா அந்தப் படிவத்தை!" அவர் அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்தது. பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை, தெருவே பார்க்க ரோகிணி வேன் ஏறினாள். மாசம் முடிவதற்குள் அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண் பிள்ளைகள் ஏறினார்கள். ஒருத்தி அடுத்த வீட்டுப் பிள்ளை, பத்து வயது.

"சுவத்துக்கு அங்குட்டு ஒரு பிள்ளை இருந்திருக்கு, நமக்குத் தெரியலயே! பெத்த பிள்ளையை இப்பிடியா ஒளிச்சு வைப்பாக?" என்று எல்லாரையும்விடச் சத்தமாக அங்கலாய்த்தவர் சேவுகப்பெருமாள்தான்.