வலது காலைப் பார்க்க வந்தவள்

"வலது காலைத்தான் அன்ரி பாக்கோணும். போன முறை பாத்த அதே இடத்தை," என்றாள் சுவேதினி. வந்ததும் வராததுமாக மேசையிலிருந்த சட்டிபானையை ஒதுக்கி, சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து வயர்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். பிரேமிளா அப்போதுதான் நண்டு பதப்படுத்தும் கொம்பனியில் வேலை முடித்து வந்து, எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் போகாத மணத்தைக் கையிலிருந்து கழுவிக்கொண்டு நின்றாள். லோறன்ஸ் கதிரையில், சாரத்தை நன்றாக இழுத்து மூடியபடி இருந்தான். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தண்ணீர் வாளியைப் பார்த்தாள். கடைசியில் அவனே, வந்த விருந்தாளிக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லையே என்று சங்கடப்படுகிறவனைப் போல, "அது இல்லையே பிள்ளை," என்று சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

போன வருடம் இந்தப் பிள்ளைதான் வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெளிநாட்டில் ஏதோ பெரிய படிப்பு. சீனி வருத்தக்காரர் எல்லாரும் மண்டபத்துக்கு வாங்கோ என்று கோயில் பூசை முடிவில் பங்குச் சுவாமியே அறிவித்தார். தலைமன்னாரில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம், பாதிக் கோயில் அப்படியே எழும்பி மண்டபத்துக்குள் போயிற்று. சுவேதினி பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினாள். காலுக்குள் லேசர் வெளிச்சத்தைக் கண நேரம் பாய்ச்சினால் ரத்தம் சூடேறி அதிருமாம். அந்த அதிர்வில் ஒரு சத்தம் வருமாம், மனிதக் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தம். வழக்கமான ஸ்கான் மிஷினுக்கு அத்தனை நுணுக்கமாகக் கேட்காதாம். இதில் கண்ணாடிபோல ஒரு மெல்லிய தகடு. சத்தம் பட்டால் தகடு அசையும், அந்த அசைவை இன்னொரு வெளிச்சம் பிடித்துப் படமாக்கும். முடியளவு ரத்தக்குழாய்கூடத் தெரியும் என்றாள். "வெளிச்சத்துக்குக் காது வச்சிருக்கிறியள். எங்கட வள்ளத்துக்கும் ஒண்டு தாங்கோ, மீனெல்லாம் என்ன கதைக்குது எண்டு கேப்பம்," என்று லோறன்ஸ் பகிடி விட, வரிசை முழுக்கச் சிரித்தது. பிரேமிளாவும் சிரித்தாள்.

இது ஆராய்ச்சி மட்டுந்தான், வைத்தியமில்லை என்றும் அந்தப் பிள்ளை சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். படித்த பிள்ளை வியர்க்க வியர்க்கச் சொல்லும்போது தலையாட்டாமல் என்ன செய்வது? ஆனால் ஆஸ்பத்திரிப் பழக்கம் எல்லாருக்கும் தெரியும். ரத்தம் எடுத்தால், படம் எடுத்தால், ஏதும் பிழையெண்டால் கூப்பிடுவம் என்பார்கள். கூப்பிடவில்லையா, ஒன்றுமில்லை. லோறன்ஸும் அப்படித்தான் காத்திருந்தான். ஒருவரும் கூப்பிடவில்லை. அதோடு அவனுக்குப் பெரிய கெப்பு, தலைக்கனம் வந்துவிட்டது. மன்னார் கிளினிக்குக்குப் போய்க் காலைக் காட்டச் சொன்னால், "லேசர் பாத்த காலை அந்த நேர்ஸ் பிள்ளை இனி என்னத்தைப் பாக்கிறது?" என்று கேட்பான். பிரேமிளாவும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவளும் நம்பினாள். பிறகு ஒருநாள் மீன் முள் ஒன்று பெருவிரலில் ஏறியது. ஏறியது அவனுக்கே தெரியவில்லை. விரல் கறுத்த பிறகு மன்னாருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். காலுக்கு ரத்தம் போறது குறைஞ்சு கனகாலம், ஏன் முந்தியே வரேல்லை என்று அங்கே டொக்டர் ஏசினார்.

பிரேமிளா இதையெல்லாம் சொல்லி முடித்தபோது சுவேதினி வெறும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறிப் போயிருந்தது, அது நடிப்பில்லை என்று பிரேமிளாவுக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள்.

"எந்த விரல் அன்ரி முதல் கறுத்தது?"

கேட்டபோதே கை லப்டொப்பைத் திறந்திருந்தது. பழைய படம் வந்தது. கணுக்காலிலிருந்து சிவப்புச் சிவப்பாகக் கிளை விட்டு இறங்கிய கோடுகள் பாதத்தின் நடுவில் மெலிந்து, பெருவிரல் பக்கம் போகாமலே நின்றுவிட்டிருந்தன. அதற்கப்பால் கறுப்பு.

"அந்த விரல்தான்," என்றாள் பிரேமிளா. "இது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"தெரிஞ்சது." சுவேதினி தலையை நிமிர்த்தவில்லை. "ஆனா மிஷின் காட்டுறது சரியோ பிழையோ எண்டு எங்களுக்கே அப்ப தெரியாது, அன்ரி. அதை வச்சு ஆக்களுக்கு வருத்தம் சொல்லக்கூடாது எண்டு விதி. பிழையாச் சொல்லிப் பயப்படுத்தினா அதுவும் பாவம்தானே."

"இப்ப சரியெண்டு தெரிஞ்சிட்டுதோ?"

பிள்ளையின் கண் திரும்பவும் அந்தப் படத்துக்கே போயிற்று. லோறன்ஸின் காலை வெட்டி எடுத்த பிறகு மிஷின் பாஸாகிவிட்டது. அதுவரை நீங்கள், வாங்கோ என்று மரியாதை வைத்துப் பேசிய பிரேமிளாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இந்த மனிசன்ர ரத்தம் கத்தினது உன்ர வெளிச்சத்துக்குக் கேட்டது. உனக்கு வாயில்லாமப் போச்சோடி? பெரிய டொக்டரிட்ட ஒருக்காப் போய்க் காட்டுங்கோ எண்டு சொல்ல எந்த விதி மறிச்சது?"

"இஞ்சரப்பா, விடும்," என்றான் லோறன்ஸ். "பிள்ளையும் படிக்க வந்தது. எல்லாத்துக்கும் மற்றக் கால் இருக்குத்தானே. வந்தது வந்தாச்சு, அதைப் பாக்கட்டும்."

மற்றக் கால். கடந்த சில மாதங்களாகப் பிரேமிளாவின் நித்திரையைத் தின்பது அந்தக் கால்தான். அதுவும் போனால் இந்த ஆளைக் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்கி வைப்பதிலேயே தன் சீவன் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி நினைக்கிறாளே என்று தன்மேலேயே வெறுப்பும் வரும்.

"பார்," என்றாள். "ஆனா கண்டதைச் சொல்லிப்போட்டுத்தான் இந்த வாசலைத் தாண்டோணும். அவருக்கு முகத்துக்கு நேர சொல்லோணும்."

சுவேதினி பழைய படத்தை மூடினாள். "சொல்லுறன்," என்றாள்.

கதவைச் சாத்தி, யன்னலுக்குப் போர்வை போட்டார்கள். லேசர் கண்ணில் படாமலிருக்கப் பெண்கள் இருவருக்கும் மஞ்சள் கண்ணாடி. லோறன்ஸுக்கு ஒன்றுமே தெரியாத கறுப்புக் கண்ணாடி. இடது பாதத்தில் பசை பூசி, தகடு பொருத்திய மிஷின் தலையை மேலே வைத்ததும் திரையில் கணுக்கால் பக்கமிருந்து சிவப்புக் கோடுகள் வரிவரியாக இறங்கத் தொடங்கின. லோறன்ஸ் இருட்டுக்குள்ளிருந்து உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் பொய்க்காலுக்கு அளவெடுத்தாயிற்றாம். "அது வரட்டும் பிள்ளை. பொய்க்காலை வள்ளப் பலகைக்கு முண்டு குடுத்திட்டு, இந்தக் காலை ஊண்டி நிண்டா நான் தனிய வலை இழுப்பன். வேணுமெண்டா வந்து பாருங்கோ."

கோடுகள் பாதத்தின் நடுவுக்கு வந்தன. மெலிந்தன. அதற்குப் பிறகு திரை கறுப்பாகவே நிரம்பிக்கொண்டு போயிற்று.

சுவேதினி மிஷினை நிறுத்தினாள். "அங்கிள்," என்று வாயெடுத்தவள் பிரேமிளாவைப் பார்த்தாள். அவள் சொல்லக் காத்திருந்த பிரேமிளா, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். ஏன் அசைத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. குனிந்து, புருஷனின் பெருவிரலைப் பசையோடு பொத்திப் பிடித்தாள். விரல் குளிர்ந்திருந்தது. இன்னும் இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிகிற அளவுக்கு.

கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து லோறன்ஸ் சிரித்த முகத்தை இரண்டு பக்கமும் திருப்பினான்.

"என்ன ஒருத்தற்ர சத்தத்தையும் காணேல்லை? காலைத் தொடுறதெண்டாச் சொல்லிப்போட்டுத் தொடுங்கோ, எனக்குக் கூசும்," என்றான்.