கசக்காத சிவப்பு

கோழிக்காரர் வண்டுகளுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார். அவர் யாருக்காவது நல்லது செய்ய நினைத்தால் வேறு யாராவது தலையில் கைவைத்து உட்கார வேண்டியிருக்கும். அது அவருடைய ராசி. இந்த முறை உட்கார்ந்தது கூடப்பிறந்த தங்கை.

பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்து, தீனி போட்டு, கூண்டு கழுவுவது அவர் வேலை. பெயர் அதனால் வந்தது. இதற்கு முன் போன வேலைகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினால், பாதியில் எதிரில் இருப்பவரின் கையைக் கடன் கேட்பார். இந்த வேலையைத் தங்கைதான் வாங்கிக் கொடுத்தாள். ஆராய்ச்சியும் அவளுடையது.

அவளிடம் இரண்டு வகை வண்டுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, முதுகில் கறுப்புப் புள்ளிகள். வாயில் வைத்தால் குமட்டும் கசப்பு. மற்றது பழுப்பு, பரம சாது, ருசியும் அதிகம். விவரம் தெரியாத குஞ்சு இரண்டையும் கொத்தும். சிவப்பைக் கொத்தியதும் தலையை உதறித் துப்பிவிட்டு, அலகைத் தரையில் தேய்த்துக்கொள்ளும். பிறகு அந்த நிறம் கண்ணில் பட்டாலே ஒதுங்கிப்போகும். மற்ற பூச்சிகள் ஒளிந்து பிழைக்கின்றன; சிவப்பு வண்டு ‘கிட்ட வராதே’ என்று உடம்பெல்லாம் எழுதிக்கொண்டு பிழைக்கிறது. ஒருமுறை கற்ற பாடத்தைக் குஞ்சுகள் எத்தனை காலம் மறக்காமல் இருக்கும் என்பதுதான் தங்கையின் கேள்வி. மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசிச் சோதனையைத் திங்கட்கிழமைக்கு வைத்திருந்தாள். அது சரியாக வந்தால் அவள் பதவி நீடிக்கும். வராவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

சனிக்கிழமை கோழிக்காரர் மட்டும் இருந்தார். தீனியோடு கொஞ்சம் பழுப்பு வண்டும் போடச் சொல்லியிருந்தாள். டப்பாவைத் திறந்தவருக்கு மனசு கேட்கவில்லை. கசக்கிறவனுக்குப் பட்டுச்சட்டை, சாதுவுக்கு அழுக்குச் சட்டையா? குஞ்சுகளின் காலில் அடையாளம் வைக்கும் சிவப்புச் சாயம் மேசைமேல் இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு காலத்தில் கடைப் பலகைகளுக்கு வர்ணம் அடித்தவர்; இரண்டாவது வண்டிலேயே கை படிந்துவிட்டது. மசியைத் தொட்டுப் புள்ளியும் வைத்தார்.

காய்ந்ததும் கூண்டில் விட்டார். குஞ்சுகள் பார்த்தன, பின்வாங்கின. பழுப்பு வண்டுகள் அவற்றின் கால்களுக்கு நடுவே மாப்பிள்ளைகள் மாதிரி நடந்தன. கோழிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நாலு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று தேநீர் போட்டுக்கொள்ளப் போனார்.

திரும்பி வந்தபோது ஒரு குஞ்சு, பசியோ துணிச்சலோ, ஒரு வண்டைக் கொத்திவிட்டிருந்தது. அது தலையை உதறவில்லை. விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடியது. மற்ற குஞ்சுகளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் கையை உள்ளே விடுவதற்குள் மாப்பிள்ளைகள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் கோழிக்காரர் இல்லை. அசல் கசப்பைக் காட்டினால் புத்தி வந்துவிடும் என்று நினைத்து, தங்கை சேர்த்து வைத்திருந்த சிவப்பு வண்டுகளையும் எடுத்துக் கூண்டில் கொட்டினார். குஞ்சுகள் பாய்ந்து கிழித்தன. கசப்பு தெரிந்து துப்பினதென்னவோ உண்மைதான். துப்பியதில் உயிர் இல்லை. ஆனால் சிவப்பில் ருசியானதும் உண்டு என்று கற்றுவிட்ட குஞ்சுகள், இனி கொத்திப் பார்க்காமல் எதையும் விடுவதாக இல்லை. அடுத்த வருஷம் மழை முடியும்வரை அந்த வண்டு எங்கும் கிடைக்காது.

தங்கை வந்து பார்த்தாள். சாயப் புட்டியை மூடினாள். கூண்டுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கெட்டுப்போச்சா?” என்று கேட்டார்.

“பாத்துக்கலாம்ணா. நீ போய் சாப்பிடு.”

திங்கட்கிழமை துறைத்தலைவர் வந்தார். அறை மூலையில் தப்பிக் கிடந்த ஒரே சிவப்பு வண்டைத் தங்கை உள்ளே விட்டாள். இரண்டு குஞ்சுகள் அதற்காகச் சண்டை போட்டன. துறைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சுவாரசியமாக இருக்கிறது என்றார். கோழிக்காரர் அவரை நடைவழியில் மடக்கி, தங்கைக்கு இன்னொரு வருஷம் கிடைக்குமா என்று கேட்டார். எல்லாம் மேலிடத்தில் பேசவேண்டிய விஷயம் என்று ஆரம்பித்து, இந்த வருஷம் வெயில் அதிகம் என்று முடித்தார் துறைத்தலைவர். பக்கத்து அறை உதவியாளரோ, நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும் என்றார். நடந்ததைக் கண்ணால் பார்த்த மனுஷர்.

கோழிக்காரருக்கு இதெல்லாம் பழக்கம்தான். மனைவிகூட இரண்டு நாளில் வருகிறேன் என்றுதான் போனாள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. எல்லோரும் மேல் நோகாமல் பேசி அனுப்புவதற்கென்றே பிறந்த முகம் போலிருக்கிறது அவருடையது.

மாதக் கடைசியில் இருவருமாக அறையைக் காலி செய்தார்கள். குஞ்சுகளை வேறு யாரோ வந்து எடுத்துப்போனார்கள். அவர் கண்ணாடிப் பெட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, இனி இரண்டு பேருமாகப் பலகைக்கு வர்ணம் அடிக்கப் போகலாம், எழுத்துப் பிழையைப் பார்த்துக்கொள்ள ஒரு படித்த ஆள் எனக்குத் தேவை என்றார். அவள் சிரித்தாள். சிரித்தபடியே ஒரு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அது சிரிப்பு இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

துணியை மேசையில் போட்டார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கறேன். பாத்துக்கலாம், பரவாயில்லன்னு மட்டும் சொல்லிடாத. என்னாலதான உன் வேலை போச்சு?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“ஆமாண்ணா. உன்னாலதான். இனிமே இந்த வேலை எனக்கு எங்கயும் கெடைக்காது.”